தங்கத் திமிங்கலமும் விடுபட்ட சாட்சியும்

1

அழகாக அச்சிடுவதும் முழுமையாக அச்சிடுவதும் ஒன்றல்ல. இந்த எளிய விஷயத்தை மறந்துவிட்டுத்தான் ‘கிளாசிக்’ என்ற சொல்லை நாம் உச்சரித்துவருகிறோம். அமெரிக்கக் கடல் இலக்கியத்தின் ஆடம்பரப் பதிப்புகளைச் சேகரிப்பது மேலுக்குப் பார்த்தால் பணக்காரப் பொழுதுபோக்காகத் தெரியும். அதை முன்வைத்தே இதைப் பேசிப் பார்க்கலாம். நமக்கெதுக்கு இந்த வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று கேட்பவர்கள் மூன்றாம் பகுதிவரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஹெர்மன் மெல்வில்லின் ‘மோபி டிக்’ முதலில் அச்சானது அமெரிக்காவில் அல்ல, லண்டனில். 1851 அக்டோபரில் ரிச்சர்ட் பெண்ட்லி என்ற பதிப்பாளர் ‘திமிங்கலம்’ என்ற தலைப்பில் மூன்று தொகுதிகளாக 500 படிகள் போட்டார். நீலத் துணி அட்டை, வெளிர்நிற முதுகு, முதுகில் தங்கத்தில் பொறித்த திமிங்கலம். அடுத்த மாதம் நியூயார்க்கில் ஹார்ப்பர் நிறுவனம் வெளியிட்ட ஒற்றைத் தொகுதி இதன் பக்கத்தில் ஏழை உறவுக்காரன் மாதிரி நிற்கும். இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் மத்தியில் அரிதானதாகவும் விலை கூடியதாகவும் இருப்பது லண்டன் பதிப்புதான்.

அந்த அழகான பதிப்பில் இரண்டு கோளாறுகள். ஒன்று, நாவலில் துரத்தப்படும் திமிங்கலம் ஓர் இனம். முதுகில் தங்கமாக மின்னுவது வேறோர் இனம். இதைச் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். இரண்டாவதை விட முடியாது. நாவலின் பின்னுரை அந்தப் பதிப்பில் இல்லை. கப்பல் மூழ்கி எல்லாரும் செத்தபின் ஒருவன் மட்டும் எப்படிப் பிழைத்தான் என்று சொல்கிற அந்தச் சின்னப் பகுதி விடுபட்டுப் போனது. எல்லாரும் செத்துவிட்டால் இந்தக் கதையை நமக்குச் சொல்வது யார் என்று லண்டன் விமர்சகர்கள் கேட்டார்கள். அவர்கள் கையில் இருந்த பிரதியை வைத்துப் பார்த்தால் நியாயமான கேள்வி.

விடுபட்டது சாட்சி மட்டுமல்ல. இஷ்மேல் பிழைப்பது ஒரு சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு. அது தென்கடல் தீவுக்காரனான குவீக்வெக்குக்காகச் செய்யப்பட்ட பெட்டி. தன் உடம்பில் பச்சை குத்தியிருந்த உருவங்களை, தன் தீவின் ஞானி ஒருவர் எழுதிவைத்ததும் தன்னாலேயே படிக்க முடியாததுமான அந்த எழுத்தை, அவன் அதன் மூடியில் செதுக்கி வைத்திருந்தான். எழுத்தறியாதவன் என்று நினைக்கப்பட்டவனின் பிரதிதான் கதைசொல்லியைக் கரைசேர்க்கிறது. தங்கத் திமிங்கலம் பொறித்த பதிப்பில் அந்தப் பிரதி மேலே மிதந்து வரவேயில்லை. தற்செயலான அச்சுப் பிழை என்றே வைத்துக்கொள்வோம். என்றாலும் ஆடம்பரப் பதிப்பு என்னும் நிறுவனம் முழுவதற்கும் இதை ஒரு குறியீடாக வாசிக்க இடமிருக்கிறது.

2

மெல்வில் வாழ்ந்த காலத்தில் இந்த நாவல் விலைபோகவில்லை. 1853இல் ஹார்ப்பர் நிறுவனத்தில் பிடித்த தீயில் விற்காமல் கிடந்த படிகளும் எரிந்தன. அவர் நியூயார்க் துறைமுகத்தில் சுங்கச் சோதகராகப் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து, 1891இல் மறக்கப்பட்டவராக இறந்தார். அதே 1891இல் இங்கிலாந்தில் வில்லியம் மோரிஸ் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். நவீன கால எழிற்பதிப்பு மரபு அங்கிருந்துதான் வலுப்பெறுகிறது. மோரிஸ் சோஷலிஸ்ட். இயந்திரம் தின்றுவிட்ட கைவினைஞனின் மரியாதையை மீட்பது அவருடைய கனவு. அவர் கையால் செய்த புத்தகங்களையோ பணக்காரர்கள்தான் வாங்க முடிந்தது. இந்த முரண் மோரிஸோடு முடியவில்லை.

1930இல் சிகாகோவின் ஆர். ஆர். டானலி என்ற பெரும் அச்சு நிறுவனம் தன் அச்சுத் திறமைக்கு விளம்பரமாக நான்கு அமெரிக்க நூல்களைப் பிரமாதமாகக் கொண்டுவந்தது. அதில் இரண்டு கடல் நூல்கள்: ‘மோபி டிக்’, ரிச்சர்ட் ஹென்றி டானா 1840இல் வெளியிட்ட ‘பாய்மரத்துக்கு முன்னால் இரண்டு வருஷம்’. மற்ற இரண்டு, தோரோவின் ‘வால்டன்’, போவின் கதைகள். ‘மோபி டிக்’குக்கு ராக்வெல் கென்ட் படம் வரைந்தார். மூன்று தொகுதிகள், அலுமினிய உறை, ஆயிரம் படிகள். அமெரிக்காவில் பெருமந்தம் தொடங்கி வேலையிழந்தவர்கள் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. அதே வருஷம் ராண்டம் ஹவுஸ் கென்ட்டின் படங்களோடு மலிவான ஒற்றைத் தொகுதியும் வெளியிட்டது. அதன் அட்டையில் நாவலின் பெயர் இருந்தது, கென்ட்டின் பெயர் இருந்தது. மெல்வில்லின் பெயரைப் போட மறந்துவிட்டார்கள்!

இதை வைத்துக் கென்ட்டை மட்டம் தட்டக் கூடாது. அவர் தச்சுவேலை செய்தவர், மீன்பிடித்தவர், கிரீன்லாந்துப் பயணத்தில் கப்பல் உடைந்து பிழைத்தவர். இடதுசாரி என்பதற்காக அவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டு, 1958இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் வென்றவர். 1967இல் லெனின் அமைதிப் பரிசு பெற்றவர். மெல்வில் பரவலான வாசகர்களிடம் போய்ச்சேர்ந்ததில் அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆடம்பரப் பதிப்பு என்றாலே மோசடி என்று ஒரே போடாகப் போடுகிற நம்முடைய பழைய பழக்கம் இங்கே உதவாது.

அடுத்த சிகரம் 1979. சான் பிரான்சிஸ்கோவில் ஆண்ட்ரூ ஹோயமின் அரியான் அச்சகம் ‘மோபி டிக்’கைக் கையால் அச்சுக்கோத்து, கையால் செய்த தாளில், பாரி மோசரின் நூறு மரச்செதுக்குப் படங்களோடு, நீல வெள்ளாட்டுத் தோல் பைண்டிங்கில் 265 படிகள் கொண்டுவந்தது. இத்தகைய பதிப்புகளின் கடைசிப் பக்கத்தில் ஒரு குறிப்பு வரும்: என்ன எழுத்துரு, எந்த ஆலைத் தாள், அச்சடித்தவர் யார், மொத்தம் எத்தனை படி, இது எத்தனையாவது. நம் ஓலைச்சுவடிகளிலும் ஏடெழுதியவர் தன் பெயரும் எழுதி முடித்த நாளும் சொல்லிக் கும்பிடுபோட்டு முடிப்பது உண்டு. அச்சு வந்தபின் தமிழில் அந்தக் குறிப்பு ‘அச்சிட்டோர்’ என்று ஓர் அச்சகப் பெயராகச் சுருங்கிவிட்டது. அச்சுக்கோத்த கை யாருடையது என்று நமக்குத் தெரியாது. ஆக, உழைப்புக்குப் பெயர் சூட்டும் காரியத்தில் இந்த ஆடம்பரப் பதிப்புகள் நம்மைவிட ஒருபடி மேலே நிற்கின்றன. ஆனால் அங்கும் அச்சுக்கோத்தவர் பெயர்பெறுகிறார். தோலுக்கும் பட்டுநூலுக்கும் பின்னாலிருப்பவர் பெயர்பெறுவதில்லை.

3

கடலில்லாத ஊர் கண்ணமங்கலம். வேலூரிலிருந்து ஆரணிக்குப் போகிற சாலையில், மலையும் ஏரியும் தறிச்சத்தமுமாக இருக்கிற ஊர். இங்கே உட்கார்ந்துகொண்டு அமெரிக்கக் கடலைப் பற்றி எழுத என்ன யோக்கியதை? இருக்கிறது.

நல்ல பைண்டிங்கில் முதுகின் மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் ஒரு சின்ன வரிப்பட்டை தெரியும். தாள்களை முதுகோடு இறுக்கிப் பிடிக்க அதைப் பட்டுநூலால் கையால் பின்னுவது எழிற்பதிப்பின் லட்சணம். பட்டையும் தோலையும் நீக்கிவிட்டால் ஆடம்பரப் பதிப்பில் மிஞ்சுவது தாள்தான். கண்ணமங்கலத்துக்குத் தெற்கே பட்டு, வடக்கே தோல். வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று நீளும் தோல் பதனிடும் வட்டாரம் பாலாற்றை என்ன செய்தது என்பது இந்தப் பக்கத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று சொன்ன தீர்ப்பு இந்த மண்ணிலிருந்து போன வழக்கில்தான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே சென்னை மாகாணத்தில் பதனிட்ட தோல் ‘ஈஸ்ட் இந்தியா தோல்’ என்ற பெயரில் லண்டன் சந்தைக்குக் கப்பலேறியது.

இங்கே டானாவின் புத்தகத்தைத் திறந்து பார்க்க வேண்டும். ஹார்வர்டு மாணவரான அவர் 1834இல் சாதாரணக் கப்பல் ஆளாகப் பாஸ்டனிலிருந்து புறப்பட்டார். அந்தக் கப்பல் போனது வீரசாகசத்துக்கு அல்ல, மாட்டுத்தோலுக்கு. கலிபோர்னியாக் கரையில் காய்ந்த தோல்களைத் தலையில் சுமந்து, அலைக்குள் இறங்கிப் படகில் ஏற்றுவது ஆள்களின் வேலை. அதே புத்தகத்தில் கேப்டன் இரண்டு ஆள்களைச் சவுக்கால் அடிக்கும் இடம் வருகிறது. திரும்பி வந்த டானா வழக்கறிஞராகிக் கப்பல் ஆள்களுக்காக வாதாடினார். 1841இல் அவர்களுக்கான கையேடு ஒன்றையும் எழுதினார். அவருடைய புத்தகம் ஒரு புகார் மனு. அதைத் தோல் பைண்டிங்கில், பொன்விளிம்புத் தாளில், கண்ணாடி அலமாரியில் வைக்கும்போது என்ன நடக்கிறது? எந்தத் தோலைச் சுமந்து ஓர் ஆளின் தலைமுடி உதிர்ந்ததோ அந்தத் தோலே அவனுடைய புகாருக்கு உறையாகிவிடுகிறது. பண்ட வழிபாடு என்று மார்க்ஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகப் படம் கிடைப்பது கஷ்டம்.

பட்டுக்கும் இதே கதைதான். கூலிக்கு நெய்பவர் வீட்டுப் பெண், தன் தறியில் இறங்கிய சேலையைக் கட்டிப் பார்ப்பது அபூர்வம். சேலையில் பட்டுக்கு முத்திரை உண்டு, கைத்தறிக்கு முத்திரை உண்டு, ஜரிகைக்குத் தரம் உண்டு. நெய்தவர் பெயர் கிடையாது. கடைக்காரர் பெயர் பையில் பெரிசாக இருக்கும்.

கடலும் அவ்வளவு தூரமில்லை. டானலி நிறுவனத்தின் நான்கு நூல்களில் ஒன்றான ‘வால்டன்’ சென்னையைப் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறது. பாஸ்டன் வியாபாரி ஃபிரடெரிக் டியூடர் பனிக்கட்டியைப் பாளம் பாளமாக அறுத்துக் கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினார். அவருடைய ஆள்கள் வால்டன் குளத்திலும் பனி அறுத்தார்கள். அதை இறக்கிவைக்க 1842இல் மெரினாவில் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். வெள்ளைத் துரைகளின் கோப்பைக்குப் போன பனிக்கட்டியை அலையில் மிதக்கும் படகிலிருந்து சுமந்து கரையேற்றிய கைகள் யாருடையவை என்று சொல்ல வேண்டியதில்லை.

4

இந்த அழகான பதிப்புகளுக்கு எதிர்முனையில் ஒரு புத்தகம் நிற்கிறது. டிரினிடாடைச் சேர்ந்த கறுப்பின மார்க்சியர் சி.எல்.ஆர். ஜேம்ஸை 1952இல் அமெரிக்க அரசு நாடுகடத்துவதற்காக எல்லிஸ் தீவில் அடைத்துவைத்தது. அடைபட்ட இடத்தில் அவர் எழுதியது மெல்வில்லைப் பற்றிய நூல். அடுத்த வருஷம் சொந்தச் செலவில் அச்சடித்து, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குப் படிகளை அனுப்பி, தன் வழக்குக்கு ஆளுக்கு ஒரு டாலர் தரும்படி கேட்டார். இலக்கிய விமர்சன நூல் ஒன்று கருணை மனுவாகவும் உண்டியலாகவும் ஆன சம்பவம் வேறெங்காவது உண்டா!

ஜேம்ஸின் வாசிப்பு நாவலைத் தலைகீழாக்கியது. கேப்டன் ஆஹாபின் மகத்துவத்தையே பேசிக்கொண்டிருந்த விமர்சனத்துக்கு எதிராக, கப்பலின் ஆள்கள்தான் நாவலின் நாயகர்கள் என்றார். ஆப்பிரிக்கர், தென்கடல் தீவினர், செவ்விந்தியர் என்று உலகத்து உழைப்பாளிகள் அத்தனைபேரும் இருக்கிற தளம் அது. நாவலின் நாற்பதாம் அத்தியாயத்தில் நடுராத்திரி ஆள்கள் பாடி ஆடும் இடத்தில் ஒரு லஸ்கரும் வாய் திறக்கிறான். லஸ்கர் என்பது கிழக்கிலிருந்து போன கப்பல் ஆள்களுக்கு ஐரோப்பியர் வைத்த பொதுப்பெயர். நம் பக்கத்தில் ஏரி மதகைத் திறந்துவிடுகிற பொதுப்பணித்துறை ஆளுக்கும் அதே பெயர்தான். கடலிலும் ஏரியிலும் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவன் பெயரில்லாத லஸ்கராகவே இருக்கிறான்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. பின்னால் வந்த மறுபதிப்பில் ஜேம்ஸ் தன் சிறைவாசத்தைப் பற்றி எழுதிய கடைசி அத்தியாயம் விடப்பட்டிருந்தது. 2001இல்தான் அது முழுசாகத் திரும்ப வந்தது. 1851இல் மெல்வில்லுக்கு நேர்ந்தது அவரைப் பற்றி எழுதியவருக்கும் நேர்ந்தது. இரண்டு முறையும் விழுந்தது கடைசிப் பக்கங்கள். பேசுபவன் எங்கிருந்து பேசுகிறான் என்பதைச் சொல்லும் பக்கங்கள். முதலாவதைப் பிழை என்று சொன்னால் இரண்டாவதை என்ன சொல்ல? இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத சொந்தக் கதை என்று யாரோ நினைத்திருக்கலாம். அழகியல் தூய்மை என்பது பெரும்பாலும் இப்படித்தான் செயல்படுகிறது.

5

தமிழுக்கு வருவோம். நாம் எந்தக் கடலைச் சேகரிக்கிறோம்?

வாராவாரம் பத்திரிகையிலிருந்து தொடர்கதையைக் கிழித்தெடுத்து, படங்களோடு பைண்டு செய்து வைப்பது தமிழ் நடுத்தர வர்க்கத்து வீடுகளின் ஆடம்பரப் பதிப்பு. ஆர்வமும் பசையும் ஊசிநூலும் மட்டுமே செலவான அந்த பைண்டிங்குகள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அப்படி அலமாரி ஏறிய கடல் எது? சாண்டில்யனின் ‘கடல் புறா’. அதாவது மன்னர்களின் கடல், படைத்தலைவர்களின் கடல். துடுப்புப் போடுபவன் அதில் பின்னணித் திரை. ‘பொன்னியின் செல்வ’னில் பூங்குழலி ஓடம் வலிக்கிறவள், படங்களிலும் பிறகு காலண்டர்களிலும் அவள் அழகியாக மட்டும் எஞ்சினாள். 2022இல் திரைப்படம் வந்தபின் கெட்டி அட்டைப் பதிப்புகளை அடுக்கடுக்காகப் பார்த்தோம். துடுப்புப் பிடித்த கை காய்ப்பேறியிருக்கும் என்று ஒரு படமும் சொல்லவில்லை.

மறுபக்கம், ப. சிங்காரம். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் பரிசு வாங்கியது. ‘புயலிலே ஒரு தோணி’ பத்து வருஷம் போலக் கையெழுத்துப் பிரதியாகக் கிடந்து 1972இல்தான் அச்சேறியது. மெடானும் பினாங்கும், தொங்கானில் புயலுக்கு நடுவே கடல் கடக்கும் வட்டிக்கடைப் பையன்களும், போரும் அதில் இருந்தன. நாயக பிம்பம் இல்லை. மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலைபார்த்துத் தனியாக வாழ்ந்த அவர் 1997இல் இறக்கும்வரை மூன்றாவது நாவல் எழுதவில்லை. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. கடல் வேலையை அதன் சொற்களோடும் காற்றின் பெயர்களோடும் எழுத, பரதவர் சமூகத்திலிருந்தே ஜோ டி குரூஸ் 2004இல் ‘ஆழி சூழ் உலகு’ம் 2009இல் ‘கொற்கை’யும் கொண்டுவர வேண்டியிருந்தது. கட்டுமரம் என்ற சொல்லை உலகத்துக்குக் கொடுத்த மொழிக்கு அதற்குள் உட்கார்ந்து எழுத இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

ஹெமிங்வேயின் ‘கடலும் கிழவனும்’ தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மொழிபெயர்க்கப்பட்டது. அந்தக் கதை முதலில் வந்ததே 1952 செப்டம்பரில் ‘லைஃப்’ வாரப் பத்திரிகையின் ஒரே இதழில். இரண்டு நாளில் ஐம்பது லட்சம் படிகள் தீர்ந்தன. கிழவன் சாந்தியாகோவைக் கொண்டாடும் நாம் நம் கரையில் வலைபின்னும் கிழவரின் அம்பாப் பாட்டைப் பதிந்துவைக்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. வலை இழுக்கிறபோது பாடப்படும் அந்தப் பாட்டு, இயந்திரப் படகு வந்தபின் அவசியமற்றுப் போய்விட்டது. வேலை போனால் பாட்டும் போகும். அதற்கு முதல் பதிப்பும் கிடையாது, கடைசிப் பதிப்பும் கிடையாது.

6

சேகரிப்பாளனை எள்ளி நகையாடுவது சுலபம். 1931இல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்தபடி வால்ட்டர் பெஞ்சமின் எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள். பொருளைப் பயன்பாட்டுச் சுமையிலிருந்து விடுவிக்கிறவன் சேகரிப்பாளன் என்பது அவர் பார்வை. ‘மோபி டிக்’கே ஒரு சேகரிப்பில்தான் தொடங்குகிறது: நூலக அடிமட்ட ஊழியன் ஒருவன் திமிங்கலம் பற்றிக் கண்ட இடத்திலெல்லாம் பொறுக்கிய மேற்கோள்கள். திமிங்கலங்களை வகைபிரிக்கையில் மெல்வில் அவற்றைப் புத்தக அளவுகளாகவே, முழுத்தாள் திமிங்கலம், எட்டில் ஒன்று, பன்னிரண்டில் ஒன்று என்று, பிரித்துக் கேலி பண்ணுகிறார். குவீக்வெக் ஒரு தடிப் புத்தகத்தை மடியில் வைத்து ஐம்பது ஐம்பது பக்கமாக எண்ணி வியந்து விசிலடிப்பான். எழுத்துத் தெரியாதவனின் அந்த வியப்புக்கும், எண்ணிட்ட படியை உறை பிரிக்காமல் வைத்திருப்பவரின் பெருமிதத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஒரே வித்தியாசம், அவன் பக்கங்களைத் தொட்டுப் பார்க்கிறான்.

நம்மிடமும் ஒரு சேகரிப்பாளர் இருந்தார். கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்தவர். நாவல், நாடக நோட்டீஸ், குஜிலிப் பாட்டு, பஞ்சாங்கம் என்று உயர்வு தாழ்வு பார்க்காமல் சேர்த்தார். தோல் பைண்டிங்கா என்று அவர் கேட்கவில்லை. 1992இல் அவர் இறந்தபின் அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் சென்னையில் ஆய்வு நூலகமானது. கென்ட்டின் திமிங்கலம் அலுமினிய உறையில் வெளிவந்த அதே சிகாகோ. நம் குஜிலிப் பாட்டைக் காப்பாற்ற அங்கிருந்து பணம் வர வேண்டியிருந்தது என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட நிறைய இருக்கிறது.

இப்போது நம்மிடையேயும் எண்ணிட்ட படிகளும் ஆசிரியர் கையெழுத்திட்ட படிகளும் முன்வெளியீட்டுத் திட்டங்களும் வந்துவிட்டன. சிறுபத்திரிகை முந்நூறு படி அச்சடித்தது வறுமையால். இன்றைய முந்நூறு திட்டமிட்ட முந்நூறு. சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைச் சுமந்து கல்லூரி கல்லூரியாக அலைந்ததற்கும் இதற்கும் இடையே என்ன மாறியது என்று நாம் யோசிக்க வேண்டும். மாறக் கூடாது என்று சொல்லவில்லை. சிங்காரத்துக்கு ஒரு நல்ல தாள் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

தமிழில் இதற்கு ஏற்கனவே ஒரு சொல் இருக்கிறது: செம்பதிப்பு. அதில் செம்மை என்பது தோலைக் குறிக்காது, பாடத்தைக் குறிக்கும். எந்தப் பதிப்பில் எந்த வரி விழுந்தது, எந்தக் கை வெட்டியது, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது அது. இந்தச் சொல்லைச் சங்க நூல்களுக்கும் பாரதிக்கும் புதுமைப்பித்தனுக்கும் மட்டும் ஒதுக்கிவிட்டு, கடல் வேலை செய்தவர்களின் எழுத்துக்கும் பாட்டுக்கும் கெட்டி அட்டை போட்டால் போதும் என்று நினைத்தால், நாமும் லண்டன் பெண்ட்லியின் வேலையைத்தான் செய்துகொண்டிருப்போம்.

கேட்க வேண்டியவை மூன்று. இந்தப் பிரதி முழுமையா? இதைச் சொல்பவன் எப்படிப் பிழைத்தான் என்பது உள்ளே இருக்கிறதா? இதைத் தைத்த கை யாருடையது என்று எங்காவது எழுதியிருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் காசிருப்பவர்கள் பட்டும் தோலும் போட்டுக்கொள்ளட்டும். இல்லையென்றால் அழுக்குத் தாளில், ஸ்டேப்பிள் அடித்து, கடைசிப் பக்கத்தோடு வரும் பிரதியே நமக்குப் போதும்.